சிகண்டியும் ஒரு வீட்டுப் பிள்ளையே

சிலாபத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவை விட்டு மேற்கே திரும்பினால், முந்தல் களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பில் உடப்பு என்னும் ஊர் உளது. கரைவலையும் கருவாடும் வாழ்வாகக் கொண்ட தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் ஊர் அது. அவ்வூர்த் திரௌபதை அம்மன் கோயிலில் ஆடி மாதத்திலே நடைபெறும் தீமிதிப்பைக் காணப் புத்தளம் மாவட்டம் முழுவதிலிருந்தும் மக்கள் திரள்வர். பாரதக் கதையோடு பிணைந்த திருவிழா அது. எழுத்தறியாத முதியோரும் பாண்டவர் வரலாற்றைத் தம் சொந்தக் குடும்ப வரலாறு போல எடுத்துரைக்கும் கரையோரம் இது.

அந்தக் குடும்ப வரலாற்றில் ஒரு செய்தியை மட்டும் நம்மவர் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. திரௌபதையின் தந்தை துருபதன். அவனுடைய மக்களுள் ஒருவர் சிகண்டி. பெண்ணாகப் பிறந்து, ஆணாக வளர்க்கப்பட்டு, பின்னர் இயக்கன் ஒருவனிடம் ஆண் வடிவைப் பெற்றவர். எவராலும் வெல்ல முடியாத வீடுமர் வில்லைத் தாழ்த்தியது அவர் முன்னிலையிலேதான். ஆகவே, நாம் தீ மிதித்து வணங்கும் அம்மனுக்குச் சிகண்டி உடன்பிறப்பு முறையாதல் வேண்டும். அதே கதையில் விராடனின் அரண்மனைக்கும் செல்வோம். கரந்துறைந்த பதின்மூன்றாம் ஆண்டிலே அருச்சுனன் பிருகந்நளை என்னும் பேடியாக அங்கே வாழ்ந்தான். அரசன் அவளை ஏளனம் செய்து துரத்தினானா? தன் மகள் உத்தரைக்கு ஆடலும் பாடலும் கற்பிக்கும் ஆசிரியராக அல்லவோ அமர்த்தினான்! பகைவர் ஆநிரையைக் கவர்ந்தபோது தேர் செலுத்திச் சென்று மீட்டு வந்ததும் அந்த நடன ஆசிரியையே.

கோயில் மண்டபத்தில் இவ்வளவு மதிப்புப் பெற்ற பெயர், கூப்பிடு தூரத்திலுள்ள பாடசாலையில் வசைச் சொல்லாகிவிடுகின்றது. குரல் மென்மையான பையனைச் 'சிகண்டி' என்கின்றனர். 'அலி' என்கின்றனர். இன்னும் மலிவாக 'ஒன்பது' என்கின்றனர். வரவேட்டில் ஒன்பதாம் இலக்கத்தை ஆசிரியர் அழைக்கும்போது வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதையும், ஒன்பதாம் வாய்பாட்டை ஒப்பிக்க அந்தப் பையனையே பிடித்துத் தள்ளுவதையும் தமிழ்ப் பாடசாலைகளில் பயின்றோர் பலரும் அறிவர். சிங்களப் பிள்ளைகளிடம் வழங்கும் 'பொன்னயா' என்னும் வசைக்கும் நம்மவரின் 'பொன்னையன்' என்னும் வசைக்கும் அதிக தூரமில்லை. நல்ல சொற்கள் பல இரு மொழிகளுக்கும் பொதுவாயிருக்க, இதுவும் பொதுவாயிற்று!

இவ்விஷயம் குடும்பத்தார் யாவரும் படிக்கும் பகுதியில் எழுதத் தக்கதோ என ஐயுறும் அன்பர்கள் இருப்பர். குடும்பப் பகுதியிலன்றி வேறெங்கே இதை எழுதுவது? நாம் பேசப் போவது பிள்ளைகளைப் பற்றி. ஆணாகப் பிறந்ததாக ஊரார் கருத, தம்மைப் பெண்ணென உள்ளத்தில் உணர்வோர் உளர். அவர்களைத் திருநங்கையர் என்கிறோம். பெண்ணெனக் கருதப்பட்டுத் தம்மை ஆணென உணர்வோர் திருநம்பியர். ஆண் மீது ஆணுக்கும் பெண் மீது பெண்ணுக்கும் காதல் தோன்றுமாயின் அது தன்பாலீர்ப்பு. இவை எல்லாச் சமூகங்களிலும் எல்லாக் காலங்களிலும் சிலரிடத்தே காணப்படும் இயல்புகள். அச்சிலர் வானத்திலிருந்து விழுந்தவரல்லர். நம் வீடுகளிலேதான் பிறக்கின்றனர்.

சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையிலுள்ள ஏதேனும் ஒரு மீனவ ஊரின் பாடசாலையை எண்ணிப் பாருங்கள். எட்டாம் தரத்தில் ஒரு பையன். பெண் பிள்ளைகளோடு கூடிப் பேசுவதில் அவனுக்கு விருப்பம். பந்து விளையாட்டில் விருப்பமில்லை. விளையாட்டுப் போட்டி நாளில் வயிற்றுவலி என்று வீட்டிலே படுத்துக்கொள்வான். மலசலகூடத்தில் நேரும் தொல்லைக்கு அஞ்சிக் காலை முதல் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தமாட்டான். 'ஆம்பிளை மாதிரி நட' என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பின் முன்னிலையில் நடத்திக் காட்டச் சொன்னால், அன்று தொடங்கி அப்பாடசாலையில் அவனுக்குக் காவல் இல்லை. அடிப்பவனுக்கு அனுமதி கிடைத்தாயிற்று. ஒன்பதாம் தரம் முடியுமுன் வரவு குறையும். 'படிப்பு ஏறவில்லை' என்று பெற்றோர் கூறுவர். வள்ளத்துக்கோ, வாடிக்கோ, உப்பளத்துக்கோ, இறால் பண்ணைக்கோ பையன் போவான். அங்கேயும் அதே பெயர் அவனுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருக்கும்.

பெண் பிள்ளையின் துயரம் இதனினும் மறைவானது. தோழியை அவள் விரும்புவதை எவரும் கவனிப்பதில்லை. கவனித்தவுடன் கலியாணப் பேச்சு எழும். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு அவளைக் கட்டிக் கொடுத்து, 'எல்லாம் சரியாகிவிடும்' என்பர். பையனுக்கும் இதே மருந்தைக் கொடுக்கும் வீடுகள் உண்டு. மணந்து கொண்டவன் சரியாகாவிடின், அவ்வீட்டுக்கு வந்த அயல்வீட்டுப் பெண்ணின் வாழ்வு என்னாவது என எவரும் கேட்பதில்லை. ஒரு பிள்ளையின் துயரை மறைக்க இன்னொரு பிள்ளையைப் பலியிடும் இவ்வழக்கத்தைப் பற்றி நமக்கு மிகுந்த கோபமுண்டு.

நம் நாட்டில் ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலைக்குச் செல்லுதல் கட்டாயம். முன்னர் பதினான்காயிருந்த எல்லை 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரைச் சட்டம் கேட்கும். ஆனால், பிள்ளை இருக்க முடியாதபடி வகுப்பறையை ஆக்கியவர்களை யார் கேட்பது? வறுமையால் இடைவிலகியோரை எண்ணுகிறோம். ஏளனத்தால் விலகியோரும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடங்கிப்போகின்றனர்.

'இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த நோய்' என்று கூறுவாருமுளர். அவர்களுக்கு நம் இலக்கணமே விடை கூறும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலே, கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் சொற்களுக்கு விதி செய்கிறது. அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லாவிடினும் அவர்கள் உயர்திணையே என்றும், அத்திணைக்குரிய முடிபுகளையே கொள்வர் என்றும் அது வரையறுக்கின்றது. மனிதர் யாவர் என்று மொழியை வகுக்கப் புகுந்த ஆசிரியர் முதல் வேலையாக அவர்களை மனிதருள் சேர்த்து வைத்தார் என்பதை நம் பாடசாலைகள் இலக்கண வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பவணந்தியாரின் நன்னூல் இன்னும் ஒரு படி மேலே செல்லும். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால் என்று அவரவர் விருப்பத்தைக்கொண்டே பாலைத் தீர்மானிக்கிறது அந்நூல். அவர்களை அஃறிணை போலவும் கொள்ளலாம் என்று நன்னூலார் ஒரு வாலையும் ஒட்டி வைத்தார். அதில் நமக்கு உடன்பாடில்லை. சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று பேடாடல் என்பதும் தமிழ் கற்றோர் அறிந்ததே.

மேல்நாட்டிலிருந்து மெய்யாகவே வந்தது எதுவெனில், அது சட்டம். ஆங்கிலேயர் இந்தியாவுக்கு 1860இல் ஆக்கிய தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி 1883இல் இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவையை வகுத்தனர். அதன் 365ஆம் பிரிவு 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடற்சேர்க்கையைப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 365அ பிரிவு ஆண்களுக்கிடையிலான 'இழிசெயல்' பற்றியது. நாடு சுதந்திரம் பெற்று அரை நூற்றாண்டு ஆகும் வேளையில், 1995இல், நம் பாராளுமன்றம் இதனைத் திருத்தப் புகுந்தது. 'ஆண்கள்' என்ற சொல்லை எடுத்து 'ஆட்கள்' என்ற சொல்லை இட்டதால், அதுவரை தப்பியிருந்த பெண்களும் குற்றவாளிகளாயினர். வேலியைப் பிடுங்கச் சென்றவர் இன்னும் இரண்டு முழம் நீட்டிக் கட்டிவிட்டு வந்த கதையாயிற்று.

அதன் பின்னர் காற்று மெல்லத் திசை மாறியது. வயது வந்தோர் தம் சம்மதத்துடன் கொள்ளும் உறவில் அரசு தலையிடலாகாது என்பதே தற்கால உலகின் எண்ணப்போக்கு என 2016இல் நம் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பிலே குறிப்பிட்டது. எனினும் சட்டம் சட்டமாகவே இருந்தது. 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பை 2004இல் நிறுவிய ரொசானா பிளேமர்-கல்தேரா செய்த முறைப்பாட்டை ஆராய்ந்த ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு, இச்சட்டத்தால் அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என 2022இல் முடிவு கூறிற்று. பாராளுமன்ற உறுப்பினராயிருந்த பிரேம்நாத் சி. தொலவத்த இப்பிரிவுகளைத் திருத்தத் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொணர்ந்தார். அது அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் நிறைவேறுமுன்னர் 2024 செப்ரெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

இங்கே ஆசிரியர்களும் அதிபர்களும் ஒன்றைத் தெளிந்து கொள்ளல் வேண்டும். அந்தப் பழைய சட்டம் கூறுவதும் செயலைப் பற்றியே. ஒரு பிள்ளையின் நடையோ, குரலோ, தலைமுடியோ, உள்ளத்து விருப்பமோ எந்தச் சட்டத்தின் கீழும் குற்றமன்று. 'சட்டத்துக்கு மாறான பிள்ளை' என்று கூறி எவரையும் பாடசாலையிலிருந்து விலக்க எவருக்கும் அதிகாரமில்லை.

நோய் என்று எண்ணி வைத்தியரிடம் ஓடும் பெற்றோரும் உளர். உலக சுகாதார ஸ்தாபனம் 1990ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. 2019இல், பாலை வேறாக உணர்தலையும் மனநோய்களின் வரிசையிலிருந்து அகற்றியது. நோயல்லாததற்கு மருந்தேது? வைத்தியரிடம் செல்வோரேனும் ஒருநாள் உண்மையை அறியக்கூடும். நூல் கட்டியும், பார்வை பார்த்தும், பேயோட்டியும், வேப்பங்குழையால் அடித்தும் பிள்ளையின் உடலை வருத்துவோர் பிள்ளையை மட்டுமே இழக்கின்றனர். அப்படி வருத்தப்பட்ட இளைஞருள் உயிரை மாய்க்கத் துணிவோர் உண்டு. 'பரீட்சைத் தோல்வி' என்றோ 'வயிற்றுவலி' என்றோ ஊர் அதற்கு ஒரு காரணம் கற்பித்துக்கொள்ளும்.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் ஒருவரையொருவர் விரும்பினர். வீட்டார் எதிர்த்தமையால் சென்னைக்குச் சென்று தஞ்சம் புகுந்தனர். மகளைக் காணவில்லை என இரு வீட்டாரும் பொலிஸில் முறையிட்டனர். அஞ்சிய அப்பெண்கள் பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தமக்கு இவ்விஷயத்தில் தெளிவு போதாது என்று அவர் திறந்த நீதிமன்றத்திலேயே கூறினார். தீர்ப்பு எழுதுமுன் தாமே உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் சென்று மாணவராக அமர்ந்து கேட்டறிந்தார். பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். 2021 ஜூன் 7ஆம் நாள் அவர் பிறப்பித்த ஆணை, இத்தகையோரை மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வதைத் தடைசெய்தது. வயது வந்தோர் தாமே விரும்பி வீட்டை விட்டு வந்தமை தெரிந்தால் முறைப்பாட்டை முடித்துவிடுமாறு பொலிஸாருக்குப் பணித்தது. பாடசாலைகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் வழியாகப் பெற்றோருக்கு இவற்றை விளக்குமாறும், பாலை வேறாக உணரும் மாணவருக்கு ஏற்ற கழிப்பறை வசதி செய்யுமாறும் வழிகாட்டியது. மறு ஆண்டு இந்திய தேசிய மருத்துவ ஆணையம் அவ்வித 'மாற்று வைத்தியத்தை' மருத்துவர்களின் ஒழுக்கக்கேடாக அறிவித்தது. ஆணையிடும் பதவியிலிருந்த ஒருவர் அறியாததைக் கேட்டறிய நாணவில்லை என்பதே இக்கதையில் நம் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி. நம் அதிபர்மாருக்கும் அது கடினமான காரியமாயிராது.

நம் கரையோரத்தில் சைவர் மட்டுமா வாழ்கின்றனர்? புத்தளம், கற்பிட்டி ஆகிய ஊர்களில் முஸ்லிம் மக்களே பெருந்தொகையினர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தோர் பலரும் இங்கேயே வேரூன்றினர். சிலாபத்திலும் தலவிலவிலும் கத்தோலிக்கர் மிகுதி. இம்மதங்கள் திருமணம் பற்றியும் ஒழுக்கம் பற்றியும் கொண்ட கோட்பாடுகளை நாம் மாற்றி எழுத வரவில்லை. ஆயினும், ஒருவரையொருவர் ஏளனம் செய்வதையும் இழிவான பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் வெளிப்படையாகத் தடுக்கின்றது. தன்பாலீர்ப்பு உடையவராயிருத்தல் குற்றமாகாது என 2023 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கூறினார். வகுப்பறையில் ஒரு பிள்ளையின் மானத்தைக் காக்க இவ்வளவு போதுமானதன்றோ?

ஆசிரியர் செய்யத்தக்கது யாது? பெரிய விரிவுரை எதுவும் வேண்டியதில்லை. பட்டப்பெயர் முதன்முறை ஒலிக்கும்போதே, அது யாரை நோக்கியது என்று ஆராயாமல், 'இந்த வகுப்பில் அச்சொல் வழங்காது' என்று கூறிவிடலாம். இரண்டாம் முறைக்குக் காத்திருந்தால் அது அப்பிள்ளையின் பெயராகவே நிலைத்துவிடும். பிள்ளை தனியே வந்து தன் மனத்தைத் திறந்தால், அதை ஆசிரியர் அறையில் கதையாக்கலாகாது. பிள்ளையின் சம்மதமின்றிப் பெற்றோருக்குச் சொல்ல ஓடவும் கூடாது. வீட்டில் அடி விழுமா, விழாதா என்பதை ஆசிரியரைவிடப் பிள்ளையே நன்கறியும். 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடத்தில் பருவமாற்றம் பற்றிய பக்கங்களை 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று புரட்டிச் செல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுதல் நலம். ஆசிரியர் கூறாததைக் கைத்தொலைபேசி கூறும். அது யாருடைய வாயால் கூறும் என்பதை எவர் அறிவார்?

தாய்மாருக்கு ஒன்று. இலங்கைத் தமிழரான ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட 'ஃபன்னி பாய்' என்னும் ஆங்கில நாவலில் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் வருகிறான். பாட்டி வீட்டில் மைத்துனிமாருடன் கலியாண விளையாட்டு விளையாடி, மணப்பெண்ணாகச் சேலை உடுத்துவதே அவனுக்குப் பேரின்பம். பெரியோர் கண்டு சிரிக்கின்றனர்; பின்னர் சினக்கின்றனர்; பெண் பிள்ளைகளோடு விளையாடக்கூடாதெனத் தடுக்கின்றனர். 'ஏன்?' என்று சிறுவன் கேட்கும்போது அவன் தாயிடம் தக்க விடை இல்லை. தான் செய்த பிழை யாதென அறியாமலே தண்டனை பெறும் பிள்ளையின் திகைப்பை அந்நூலில் காண்கிறோம். நம் வீடுகளில் அத்திகைப்பு அன்றாடம் நிகழ்வது. பிள்ளை கேட்குமிடத்து, 'எனக்கும் தெரியவில்லை; ஆனாலும் நீ என் பிள்ளை' என்று ஒரு தாய் கூறிவிட்டால், ஊர்வாய் அதன் பின்னர் பாதி வலிமை இழக்கும். தகப்பனார் கடலுக்குச் சென்று திரும்புவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய சொல்தான்.

பிள்ளை வளர்ந்த பின் என்ன வழி என்று கவலையுறும் பெற்றோரும் ஒன்றை அறிதல் நன்று. 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி, பாலை வேறாக உணர்வோர் உளமருத்துவ நிபுணரின் வழியாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக்கொண்டு பிறப்புச் சான்றிதழிலும், பின்னர் தேசிய அடையாள அட்டையிலும் திருத்தம் செய்யலாம். திருநங்கையும் திருநம்பியும் இந்நாட்டில் தம் பெயரோடு தொழில் தேடவும் வாக்களிக்கவும் இவ்வழி உதவுகின்றது. புத்தளத்து இளைஞர் பலர் கட்டுநாயக்கவுக்கும் கொழும்புக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். அடையாள அட்டையில் ஒரு பெயரும் முகத்தில் ஒரு பெயருமாக அங்கே சென்றால் வாயிற்காவலனிடமே முதல் அவமானம் தொடங்கிவிடும்.

உடனடியாக உதவி வேண்டுவோருக்கு இரண்டு இலக்கங்கள் உண்டு. பிள்ளை அடிக்கப்பட்டாலோ, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டாலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிர் வெறுத்துப் போன மனத்தோடிருக்கும் இளைஞருக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உண்டு. இவ்விரண்டு இலக்கங்களையும் அறிவித்தற் பலகையின் ஒரு மூலையில் எழுதி வைக்க அதிபர் ஒருவருக்கு ஒரு வெண்கட்டியும் ஐந்து நிமிட நேரமுமே வேண்டும்.